கடதாசி சுடும் துவக்கு

சனிக்கிழமை பின்னேரம். வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. என் மனைவி பிலோமினா உள்ளே வந்தாள். அவள் தோளில் நீளமான ஏதோ ஒன்று சாய்ந்திருந்தது. பூப்போட்ட பழைய திரைச்சீலையால் சுற்றி, இரண்டு இடத்தில் சணல் கயிற்றால் கட்டியிருந்தாள். மழைத்துளிகள் சீலையில் ஊறிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"யன்னல் திரை போடுற கம்பியே?" என்று கேட்டேன்.

"இல்லை. முதல்ல மேசையைத் துடையுங்கோ. மீன் தண்ணி படக்கூடாது."

துடைத்தேன். இரண்டு கையாலும் மெல்ல இறக்கி வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். முதலில் தெரிந்தது ஓக் இலைகள் செதுக்கிய, அழுக்கேறிய மரம். பிறகு கொக்கி போல வளைந்த பித்தளை. பிறகு எட்டுப் பட்டை வைத்த கறுத்த இரும்புக் குழல்.

கையில் கத்தியோடு நான் சுவர்ப் பக்கமாகப் போய் நின்றேன்.

"என்ன இது?"

"துவக்கு."

"துவக்கெண்டு எனக்கும் தெரியுது. எங்கட வீட்டில ஏன் கிடக்குது?"

"நான் வாங்கினனான்" என்றாள். ஒரு கோட்டு வாங்கி வந்தவள் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. "பஸ்ஸில ட்ரைவர் மீன் பிடிக்கிற தூண்டிலோ எண்டு கேட்டவர். சிரிச்சுப்போட்டு ஏறிட்டன்."

போன வாரம் இந்தப் பத்தியில், அப்டன் பார்க்கில் நான் எழுதிய கடைப் பலகைகளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதை வாசித்த பிலோமினா, "எல்லாம் உங்கட கெட்டித்தனம்தான். என்ர கதை எப்ப வரும்?" என்றாள். கேட்டது நியாயம். அதனால் இந்த வாரம் அவளுடைய கதை. இதில் என் பங்கு பெருமைப்படும்படி இல்லை. அதையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்பது அவள் கட்டளை.

கனத்த ஜாக்கெட்

எண்பதுகளின் கடைசியில் பிலோமினா வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில் ஒரு உடுப்புத் திருத்தும் கடையில் வேலை செய்தாள். காற்சட்டைக்கு நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது, கிழிந்த பையை ஒட்டுவது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. காலையில் நான் தூரிகைப் பெட்டியோடு ஒரு பக்கம் போவேன், அவள் கத்தரிக்கோலோடு ஒரு பக்கம் போவாள்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் ஹில்டா வந்தார். ஜெர்மன்காரி. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். உயரமான, நேராக நடக்கும், பெரிய காலணி போடும் பெண். அவர் கொண்டுவந்தது கன்வஸ் துணியில் தைத்த ஒரு தடித்த ஜாக்கெட். முழங்கையிலும் தோளிலும் தோல் வைத்துத் தைத்திருந்தது. தோல் பிரிந்துவிட்டது.

எந்த மெசினிலும் ஊசி இறங்கவில்லை. பிலோமினா செருப்புத் தைக்கும் ஊசி வாங்கி, மெழுகு பூசிய நூலால் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். இதைப் போட்டுக்கொண்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். குறி பார்த்துச் சுடுகிறேன் என்றாராம் ஹில்டா. வந்து பாருங்கள், நீங்கள் தைத்த தையல் என்ன வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் என்றாராம்.

ஒரு புதன்கிழமை வேலை முடிந்து அவள் போய்ப் பார்த்தாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் கீழ் அறை. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் கிளப். அவர்களுடைய பைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் போட்டிக்கென்று செய்த பழைய துவக்குகளைத் தேடி வாங்குவது, திருத்துவது, அவற்றால் கடதாசியில் குறி பார்த்துச் சுடுவது.

அவற்றில் ஒரு வகைக்கு அறைத் துவக்கு என்று பொருள்படும் ஜெர்மன் பெயர். என் வாயில் அது நுழையாது. பார்க்கப் பெரிய துவக்கு மாதிரி, நாலைந்து கிலோ கனம். ஆனால் அது சுடும் ஈயக் குண்டு, அதன் சன்னம், மிளகளவு. பதினைந்து மீற்றர் தூரத்தில், வீட்டுக் கூடத்திலோ மதுச்சாலையின் பின்னறையிலோ வைத்து, குளிர் காலத்தில் விளையாடுவதற்காகச் செய்தது. வேட்டைக்கும் இல்லை, சண்டைக்கும் இல்லை.

இதெல்லாம் பிலோமினா அன்று வீட்டுக்கு வந்து சொன்னதுதான். நான் கேட்டுக்கொண்டிருந்தேனா என்றால், இல்லை. "சுட்டனீரோ?" என்பதை மட்டும் கேட்டேன்.

"ஓம். ஹில்டா தந்தவ. நாலு வெடி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் போனாள்.

பதினொரு நாள்

என்னைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லவேண்டும்.

மன்னாரில் நான் வள்ளங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன். அந்தோனியார், செபஸ்தியார், ஆரோக்கிய மாதா என்று வள்ளத்துக்கு வள்ளம் ஒரு பெயர். ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அடி உதையை நான் எழுதப்போவதில்லை. கேள்வி கேட்டவன் ஒவ்வொரு கேள்விக்கும் துவக்கின் வாயால் என் வலது முழங்காலை இரண்டு தரம் தட்டுவான். மெல்லத்தான் தட்டுவான். அந்தத் தட்டலை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

லண்டனுக்கு வந்த பிறகும் பஸ் நிலையத்தில் யாராவது குடையால் நிலத்தைத் தட்டினால் என் முழங்கால் இழுக்கும்.

பிலோமினாவின் தம்பி ரஞ்சன் எனக்குப் பிறகு பிடிபட்டவன். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனான். அவ்வளவுதான் தெரியும். லண்டன் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தோம். வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் அந்த முக்காலியில்தான் இருப்பாள். மணி அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். வந்த எந்த அழைப்பிலும் ரஞ்சனைப் பற்றிய செய்தி இல்லை.

இப்படியான வீட்டில் ஒருத்தி துவக்குச் சுடப் போகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

எங்களுக்கு அப்போது விசாவும் நிரந்தரம் இல்லை. காலத்துக்குக் காலம் நீட்டித் தருவார்கள். "தமிழ்ப் பொம்பிளை துவக்கு லைசென்ஸுக்கு எழுதிப் போட்டவ எண்டு தெரிஞ்சா எங்களைப் பிளேனில ஏத்திப்போடுவாங்கள்" என்று சத்தம் போட்டேன். அவள் யோசித்துவிட்டு, "சரி. விசா அலுவல் முடியட்டும். அதுவரைக்கும் கிளப் துவக்கிலதான் சுடுவன். ஒரு பேப்பரும் நிரப்பமாட்டன்" என்றாள்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். வருஷங்கள் போயின. தொண்ணூறுகளில் ஒரு நாள் நிரந்தரமாக இருக்கலாம் என்ற கடிதம் வந்தது. நான் கோவிலுக்கு மெழுகுதிரி கொண்டு ஓடினேன். மூன்று வாரம் கழித்து அவள் திரைச்சீலைக்குள் துவக்கோடு வந்து நின்றாள்.

யாருக்கும் தெரியாத மூடி

அவள் அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன்.

செத்தவர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கும் ஒரு கடை. குடைகளும் கைத்தடிகளும் போட்ட ஒரு பீப்பாயில் இதுவும் செருகிக் கிடந்தது. கடைக்காரன் அதைப் போலி என்று நினைத்திருந்தான். தோட்டா போடும் வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, நாடகத்துக்குச் செய்த பொம்மை என்று சொன்னானாம்.

பிலோமினாவுக்குத் தெரியும். இந்த வகையில் உண்மையான குழல் ஒரு சாண் நீளம்தான், அதுவும் முன் நுனிக்குள் ஒளிந்திருக்கும். மற்றதெல்லாம் வெறும் கூடு. குழலின் அடிப்பக்கம் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். அழுக்குக்குள் ஒரு சின்ன மூடி தட்டுப்பட்டது. நகத்தால் தள்ளினாள், திறந்தது. உடனே மூடிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், கைத்தடி விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அந்த மூடி திறந்த நேரம் எனக்கு நெஞ்சு அடிச்ச அடி!" என்று சொன்னபோது அவள் கண் பளபளத்தது. நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ரஞ்சனைக் கொண்டுபோன சாமான் இது. அதைப் போய் நீர் வாங்கிக்கொண்டு வாறீர்" என்றேன்.

அவள் சீலையை எடுத்துத் துவக்கை மூடினாள். பிறகு சொன்னாள்: "ரஞ்சனைக் கொண்டுபோனது ஆக்கள். இது ஒருத்தரையும் கொண்டுபோகேல்ல. கடதாசியில ஓட்டை போடத்தான் இதைச் செய்தவை."

"உமக்கு அதில என்ன இருக்கு? சொல்லும் பாப்பம்."

"குறி பாக்கிற நேரம் ஒரு பத்துச் செக்கன், எனக்கு ஒண்டும் நினைவில வராது. ரஞ்சன் வரமாட்டான். ரெலிபோன் வராது. அந்தக் கறுத்த பொட்டு மட்டும்தான். அந்தப் பத்துச் செக்கனை வைச்சுத்தான் நான் ஒரு கிழமை ஓட்டுறன். விளங்குதோ?"

விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன். விளங்கிக்கொள்ள எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

துவக்கு படிக்கட்டின் கீழே திரைச்சீலையோடு கிடந்தது. பழைய பொருளாகச் சும்மா வைத்திருக்கப் பத்திரம் தேவையில்லை, சுடுவதென்றால் பொலிஸின் பத்திரம் வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல் தூரிகையால் அழுக்கெடுத்தாள். என் பெட்டியிலிருந்து ஆளிவிதை எண்ணெய் எடுத்து மரத்தில் பூசினாள். பலகை எழுதும்போது என் கையில் எப்போதும் இருக்கும் மணம் அது. அந்த மணம் அந்தப் பொருளிலிருந்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கேள்வி

விண்ணப்பம் போட்டு இரண்டு மாதத்தில் பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெறும் வயது, மெதுவான பேச்சு. பிலோமினா முதல் நாளே கேக் செய்து வைத்திருந்தாள். தேவாலயத்துக்குப் போகும் நீலச் சேலை உடுத்தி, கைகளை மடியில் வைத்து, கேட்டதற்கெல்லாம் நிதானமாக ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். கிளப்பில் எத்தனை வருஷம், என்ன துவக்கு, எங்கே பூட்டி வைப்பீர்கள், ஏன் இந்த ஆசை. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவளை அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது உங்கள் வீடும்தான், மிஸ்டர் அல்போன்ஸ். வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா?"

பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயம்" என்றேன். "வீட்டில் அது இருந்தால் எனக்கு நித்திரை வராது."

அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதில் என்ன செய்யும் என்று தெரிந்துதான் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை என்னால் வேறு மாதிரிச் சொல்ல ஏலாது.

அதிகாரி பேனையை மூடினார். கணவனும் மனைவியும் பேசி முடிவெடுங்கள், பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம், அவசரம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பிலோமினா விண்ணப்பத்தின் பிரதியை நாலாக மடித்து அலமாரி லாச்சிக்குள் வைத்தாள். மிச்சக் கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

ஹரோவில் இருக்கும் என் தமையன் விஷயம் கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தார். கணக்காளர், எதிலும் கவனமான மனுஷன். "நல்ல வேலை செய்தாய். பொம்பிளையளுக்கு என்ன துவக்கு? ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார்.

அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அபூர்வம். "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்தபோது வாய் கசந்தது.

பிலோமினா சண்டை பிடிக்கவில்லை. சமைத்தாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆனால் புதன்கிழமைகளில் போவதை நிறுத்திவிட்டாள். வேலை முடிந்து வந்து அந்த முக்காலியில் இருந்தாள். பழையபடி இரண்டாவது மணிக்குள் தொலைபேசியை எடுத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் இப்படிப் போனது.

ஸ்டேஷன் மணிக்கூடு

மாசி மாதம் போல ஹில்டா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு வட்டமான மரப்பலகை, பெரிய தாம்பாளமளவு. பிலோமினா வேலைக்குப் போயிருந்தாள்.

"உங்களைத்தான் பார்க்க வந்தேன்" என்றார். "எனக்கு எழுபது வயதாகப் போகிறது. எங்கள் ஊரில் கல்யாணம், பிள்ளைப் பேறு, வயது நிறைவு என்று நல்ல நாள் வந்தால் இப்படிப் பலகையில் படம் கீறி, கிளப்பில் எல்லோரும் அதில் சுடுவார்கள். பிறகு அது வீட்டுச் சுவரில் மாட்டப்படும். எனக்கு ஒன்று கீறித் தருவீர்களா?"

துவக்கைப் பற்றிய எதையும் செய்யமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்ன படம் வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து சில வருஷம். லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஒரு பெண் வந்து இறங்குகிறாள். ஒரு பெட்டி, ஒரு சாம்பல் கோட்டு, ஆஸ்பத்திரியின் பெயர் எழுதிய துண்டு. வழி கேட்டு வாயைத் திறந்தால் உச்சரிப்பைக் கேட்டு ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் ஸ்டேஷன் மணிக்கூட்டின் கீழேயே நிற்கிறாள், யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று.

"வந்தார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. நானே நடந்தேன்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "என் தகப்பனிடம் மூன்று அருமையான அறைத் துவக்குகள் இருந்தன. சண்டை முடிவில் ஊரில் இருந்த எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். சந்தியில் குவித்து மேலே டாங்கியை ஓட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். துவக்குகளால் நாங்கள் உலகத்துக்குச் செய்தது அப்படி. ஆனால் என் தகப்பன் அன்று குழந்தை மாதிரி அழுதார். லண்டனில் ஒரு சந்தையில் அதே போல ஒன்றைக் கண்டபோது, வாங்காமல் வர முடியவில்லை."

அவர் போன பிறகு பலகையைத் தடவிப் பார்த்தேன். நல்ல காய்ந்த மரம். அன்றே வெள்ளை பூசத் தொடங்கினேன்.

இரண்டு கிழமை எடுத்தது. அந்தப் பெண்ணின் முகம் வரவே இல்லை. மூன்று தரம் அழித்தேன். கடைசியில் முகத்தை மேல்நோக்கித் திருப்பி, மணிக்கூட்டைப் பார்க்கும்படி வைத்தேன். அப்போது சரியாக வந்தது. பிலோமினா தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்று பார்த்தாள்.

"இதிலயோ சுடப்போயினம்?" என்று அவளிடம் கேட்டேன். தூரிகையைக் கீழே வைத்தேன். "ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர படத்தில?"

"பிள்ளையைச் சுடமாட்டினம். குறி எங்கயெண்டு கீறுறவர்தான் சொல்லவேணும். நீங்கள் எங்க வைக்கிறீங்களோ அங்கதான் எல்லாரும் சுடுவினம்."

யோசித்தேன். பிறகு மணிக்கூட்டின் முகத்தைக் கறுப்பால் நிரப்பினேன். ஒரு பத்துப் பென்ஸ் நாணயமளவு கறுத்த வட்டம். அவளைக் காக்க வைத்த மணிக்கூட்டில் சுடட்டும் என்றுதான் நினைத்தேன்.

கீழ் அறையில்

பலகையை நானே கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்புவதுதான் என் திட்டம். ஹில்டா சத்தம் அடைக்கும் மூடியை என் காதில் மாட்டிவிட்டு, "நீங்கள் கொளுவாவிட்டால் கோணலாக நிற்கும்" என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

நீளமான அறை. செங்கல் சுவர். ஈயமும் எண்ணெயும் கோப்பியும் கலந்த மணம். தூரத்துச் சுவரில், சன்னத்தைத் தாங்கும் மணல் மூட்டைகளுக்கு முன்னால் பலகையைக் கொளுவிவிட்டுத் திரும்பி, எல்லோருக்கும் பின்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

முதல் வெடி கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் விழுவது போல ஒரு சத்தம். இதுதானா என்றிருந்தது. முழங்கால் இழுத்தது, பிறகு விட்டது. இரண்டாவது வெடி. மூன்றாவது. எத்தனையாவதில் கையை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

பிறகு பிலோமினாவின் முறை. ஹில்டாதான் வற்புறுத்தி வரச் சொல்லியிருந்தார். மாதக்கணக்குக்குப் பிறகு வந்திருந்தாள். அவள் தைத்துக் கொடுத்த அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள், கை விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ஹில்டாவின் துவக்கைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். நான் பக்கவாட்டில் இருந்ததால் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது.

அவள் சுடத் தொடங்கிய இந்த எட்டு வருஷமும் அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் காணாமல் இருந்திருக்கிறேன். நெற்றியில் சுருக்கம் இல்லை. காது எந்த மணிக்கும் காத்திருக்கவில்லை. உதடு சற்றே பிரிந்து மூச்சு மெல்லப் போனது. மன்னாரில் பேசிச் செய்த கல்யாணத்துக்கு முன், கோவில் பாட்டுக் குழுவில் நிற்கும்போது தூரத்திலிருந்து நான் பார்த்த பெண்.

பிறகு தாழ்ப்பாள் சத்தம். மணிக்கூட்டின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் பட்டது. அவள் துவக்கை இறக்கி, "சீ, விசையைக் கெதியாத் தொட்டுட்டன்" என்றாள் தமிழில், யாருக்கென்று இல்லாமல்.

அன்று மணிக்கூட்டின் நடுவில் சுட்டது ஓய்வுபெற்ற ஒரு பஸ் ட்ரைவர். பலகை ஹில்டாவுக்கு. பிலோமினாவும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். எங்கள் தெருவுக்குத் திரும்பும் மூலையில் நான் சொன்னேன்:

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை."

"பயமெண்டது பிழையோ?"

"பயம் உண்மை. அதை அந்தாளுக்குச் சொன்னது பிழை. உமக்குச் சொல்லியிருக்கவேணும்."

அவள் என் கையைப் பிடித்தாள். தெருவில் நாங்கள் கை பிடித்து நடப்பதில்லை. அன்று வீட்டு வாசல் வரை விடவில்லை.

இரண்டாம் வருகை

அடுத்த நாளே நான் பொலிஸுக்குக் கடிதம் எழுதினேன். பலகை எழுதும் கையால் எழுதியதால் கடிதம் கடை விளம்பரம் மாதிரி இருந்தது என்று பிலோமினா சிரித்தாள். இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, படிக்கட்டின் கீழ்ச் சுவரைத் துளைத்து, நாலு பெரிய போல்ட் போட்டு நானே இறுக்கினேன். ஒரு பின்னேரம் முழுக்கச் செங்கல் தூசு தின்றேன்.

அதே அதிகாரி வந்தார். பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "வீடு விழுந்தாலும் இது நிற்கும்" என்றார். பிறகு பழைய குறிப்பைப் புரட்டினார்.

"போன தடவை பயம் என்று சொன்னீர்கள்."

"இப்போதும் பயம்தான்" என்றேன். "ஒரு காலத்தில் துவக்கோடு நின்ற ஆட்களிடம் நான் அகப்பட்டிருந்தேன். அந்தப் பயம் இந்தப் பெட்டியால் வந்ததும் இல்லை, என் மனைவியால் வந்ததும் இல்லை. அவர் சுடும்போது நான் பார்த்தேன். அவருக்கு இதைக் கொடுங்கள்."

அவர் பேனையைத் திறந்தார். எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. ஆறு கிழமையில் பத்திரம் வந்தது. அதில் அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அண்ணைக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "உனக்கென்ன விசரே?" என்றார். "ஓம் அண்ணை" என்றேன். இந்த முறை வாய் கசக்கவில்லை.

சுத்தமான கடதாசி

வைகாசி மாதத்து வெயில் அடித்த ஒரு நாள். கீழ் அறையின் உயர்ந்த யன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தது. பிலோமினா தன்னுடைய துவக்கை முதல் தடவையாகச் சுடத் தூக்கினாள். ஓக் இலைகள் இப்போது தேன் நிறத்தில் இருந்தன. ஒடிந்திருந்த ஒரு இலை நுனியை ஹில்டா ஒட்டிக் கொடுத்திருந்தார். எண்பது வருஷமோ என்னவோ, அது சுட்டு. யாருக்கும் தெரியாது.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். மிளகளவு சன்னத்தை அந்த ஒளித்த மூடிக்குள் வைத்தாள். மூடினாள். கன்னத்தை மரத்தில் வைத்தாள். மூச்சு நின்றது. பத்துச் செக்கன். எனக்கும் அப்போது ஒன்றும் நினைவில் வரவில்லை.

வெடித்தது.

கம்பியில் கட்டிய கடதாசியைக் கயிற்றால் இழுத்துக் கொண்டுவந்தோம். நான் கையில் எடுத்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒரு ஓட்டையும் இல்லை. கடைக்கு வந்த கடதாசி மாதிரி அப்படியே சுத்தமாக இருந்தது.

"எங்க போச்சுது?" என்றாள் பிலோமினா.

"மணலுக்குள்ள எங்கயோ" என்றேன். "இவ்வளவு பாடும் பட்டு, கடதாசியிலகூடப் படேல்லையே!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மரியாதைச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் செங்கல் அறை முழுக்க எதிரொலிக்கும் சிரிப்பு. லண்டனுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கும் பிடித்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரியாமலே மற்றவர்களும் சிரித்தார்கள்.

"குறிமுள்ளை இடப்பக்கம் ஒரு மயிரளவு தள்ளுங்கள்" என்றார் ஹில்டா, மணலில் சன்னம் பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு.

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு துவக்கை மறுபடி தூக்கினாள்.

"தள்ளி நில்லுங்கோ" என்றாள் என்னிடம். "இன்னொருக்காப் பாப்பம்."